பழைய மலைக்காட்டு டோப்போ ஷீட்டைப் படிப்பது எப்படி: பழனிமலைத் தாள்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மலைப்பகுதியின் பழைய டோப்போ ஷீட் ஒன்று, அதாவது மேடுபள்ளம், ஓடை, காடு, பாதை எல்லாம் குறித்த நில வரைபடத் தாள், கையில் கிடைத்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது ஒற்றையடிப் பாதையை. நான் முதலில் தேடுவது வெள்ளையை. பச்சையும் மஞ்சளும் பூசாமல் காகிதம் அப்படியே தெரிகிற இடங்களை. தாளில் ஒன்றும் இல்லாத இடம்போலத் தெரியும் அந்த வெள்ளைதான், பழனிமலை, நீலகிரி, ஆனைமலை மாதிரியான உயரங்களில், பல இடங்களில் சோலைப் புல்வெளி, அதாவது சோலை எனும் மலைக்காட்டுத் திட்டுகளைச் சூழ்ந்த புல்வெளி.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர்ப் பக்கம் போனால் இன்று சாலையோரமெங்கும் பைன், யூகலிப்டஸ், வாட்டில் எனும் வெளிநாட்டு மரங்கள். "எவ்வளவு அழகான காடு" என்று படமெடுத்துத் திரும்புகிறோம். அந்தக் காட்டில் பெரும்பகுதிக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. ஐம்பதுகளுக்குப் பிறகு வேகமெடுத்த நடவு அது. 1973 தொடங்கி நாற்பது ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று, செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2018-ல் கணக்கிட்டது. செயற்கைக்கோளின் சாட்சியம் எழுபதுகளில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நிலத்துக்கு நம்மிடம் இருக்கும் முக்கியமான சாட்சி சர்வே ஆஃப் இந்தியா எனும் அரசு நில அளவைத் துறையின் ஓர் அங்குல வரைபடம் (தரையின் ஒரு மைல் தாளில் ஓர் அங்குலம்). ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பக்கூடாது. இந்த வழிகாட்டி அந்த விசாரணைக்குத்தான்.

முதல் படி: எந்தத் தாள் வேண்டும்?

தாள் எண்ணைப் புரிந்துகொண்டால் கடையிலோ இணையத்திலோ தேடுவது எளிது. இந்தியாவையும் அண்டை நாடுகளையும் நான்கு பாகை (டிகிரி) அகலம், நான்கு பாகை உயரம் கொண்ட கட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். வட அட்சம் 8 முதல் 12 வரை, கிழக்குத் தீர்க்கம் 76 முதல் 80 வரை உள்ள கட்டம் 58. தமிழ்நாட்டு மலைகளில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும்.

அதை ஒரு பாகைக்கு ஒரு பாகையாகப் பதினாறு துண்டாக்கி, ஏ-யில் தொடங்கி எழுத்துகள் இட்டிருக்கிறார்கள். இங்கேதான் பலருக்கும் குழப்பம் வரும்: எழுத்துகள் இடமிருந்து வலமாக ஓடாது. வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக நான்கு, பிறகு அடுத்த நெடுவரிசையின் உச்சியிலிருந்து மறுபடி நான்கு. ஒவ்வொரு எழுத்துக் கட்டத்தையும் இதேபோல மேலிருந்து கீழாக 1 முதல் 16 வரை பிரித்தால், பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்) கொண்ட ஓர் அங்குலத் தாள் கிடைக்கும்.

ஊட்டியைப் போட்டுப் பாருங்கள். அட்சம் 11 பாகை 25 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, தீர்க்கம் 76 பாகை 42 நிமிடம். 58ஏ-யில் மூன்றாம் நெடுவரிசை, மூன்றாம் வரிசை, ஆகவே 58ஏ/11. குன்னூர் அதற்கு வலப்பக்கத் தாள், 58ஏ/15.

கொடைக்கானலின் கதை வேறு. ஏரி 58எஃப்/8 தாளில், அதுவும் வடகிழக்கு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. ஊரின் கிழக்கு விளிம்பு 58எஃப்/12-க்குப் போய்விடும். வில்பட்டிப் பக்கம் போனால் அட்சரேகையைத் தாண்டி மேல் தாளுக்கு ஏறிவிடுவீர்கள். ஆக, ஊரைச் சுற்றிப் பார்க்க 7, 8, 11, 12 என்று நான்கு தாள்களும் வேண்டும். ஒரே தாளை வாங்கிவிட்டுப் பெருமாள்மலையைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மூணாறும் ஆனைமுடியும் 58எஃப்/4.

ஓர் அங்குலத் தாள்கள் பழைய புத்தகக் கடைகளிலும், எஸ்டேட் அலுவலகங்களின் அலமாரிகளிலும், கல்லூரிப் புவியியல் துறைகளிலும் இன்னும் கிடக்கின்றன. இணையத்தில் தேடுபவர்களுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வரைபடத் தொகுப்பில் 1:2,50,000 அளவிலான யு502 தொடர் இலவசமாகக் கிடைக்கும். ஐம்பதுகளில் அமெரிக்க ராணுவம் சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்களை அடிப்படையாக வைத்துத் தயாரித்தது. மலைத்தொடரின் மொத்த அமைப்பைப் பார்க்க அது போதும். சோலைத் திட்டுகளைத் தேட அது உதவாது.

இரண்டாம் படி: தாளின் வயதைக் கண்டுபிடிப்பது

தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் அச்சிட்ட ஆண்டு. நமக்கு வேண்டியது நிலத்தை அளந்த ஆண்டு. இரண்டுக்கும் இடையே பத்து இருபது ஆண்டுகள் இருப்பது சாதாரணம். உதாரணத்துக்கு, 1944 என்று போட்ட மறுபதிப்பின் உள்ளடக்கம் 1915 வாக்கில் அளந்ததாக இருக்கலாம். இடையில் சாலைகளை மட்டும் திருத்தியிருப்பார்கள், காட்டு எல்லையைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஓரக்குறிப்பில் 'அளக்கப்பட்டது', 'திருத்தப்பட்டது', 'பதிப்பு', 'மறுபதிப்பு' என்ற பொருளில் வரும் ஆண்டுகளை எல்லாம் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சில தாள்களில் எந்தப் பகுதியை எந்த ஆண்டில் அளந்தார்கள் என்று ஒரு குட்டிப்படமும் இருக்கும். அது இருந்தால் அதிர்ஷ்டம்தான்.

ஓரம் கிழிந்துபோன தாள் என்றால் உள்ளே இருப்பதைக் கொண்டு வயதைக் கணிக்க வேண்டும். பழனிமலைத் தாள்களுக்கு எனக்குத் தெரிந்த சில தடயங்கள் இவை.

58எஃப்/4-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரயில் பாதை ஓடுகிறதா? குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தண்டவாளம் உயிரோடு இருந்தால் அளவை அதற்கு முந்தியது. 58எஃப்/12-ல் வைகை நீர்த்தேக்கம் இருக்கிறதா? அணை 1959-ல் வந்தது. 58எஃப்/7-ல் அமராவதி நீர்த்தேக்கம் இருந்தால் அதுவும் ஐம்பதுகளுக்குப் பிந்தைய திருத்தம். வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஏறும் காட் ரோடு 1910-களின் வேலை. அது இல்லாமல், பெரியகுளம் பக்கமிருந்து ஏறும் குதிரைப் பாதை மட்டுமே இருந்தால் உங்கள் கையில் இருப்பது மிகப் பழையது. மாவட்டப் பெயரையும் பாருங்கள்: 1985 செப்டம்பர் வரை இது மதுரை மாவட்டம், பிறகுதான் திண்டுக்கல்.

அளவுகோலே ஒரு தடயம். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360, என்றால் மைல்-அடிக் காலம். 1:50,000 என்றால் 1956-க்குப் பிந்தைய மெட்ரிக் காலம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளே இல்லாமல், சரிவைக் காட்டச் சிறுசிறு கீற்றுக் கோடுகள் மட்டும் இருந்தால் அது இன்னும் பழைய தலைமுறை. பழனிமலையை முதன்முதலில் அளந்த லெப்டினன்ட் வார்டு 1821-ல் மேலேறியபோது வரைபடங்களில் மலை என்றாலே கீற்றுதான். 1904-05 சர்வே குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகுதான் இன்று நாம் அறிந்த பல வண்ணச் சமஉயரக் கோட்டு வரைபடம் முறையாக வரத் தொடங்கியது.

மூன்றாம் படி: நிறங்கள், குறிப்பாக வெள்ளை

இங்கே அவசரப்படாதீர்கள். தாளின் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பழுப்பு: சமஉயரக் கோடுகள். நீலம்: தண்ணீர். கறுப்பு: பெயர்கள், எல்லைகள், வறண்டு கிடக்கும் ஓடைகள். சிவப்பு: சாலைகளும் குடியிருப்பும். மஞ்சள்: பயிர் நிலம். பச்சை: மரம் நிறைந்த பகுதி. இவை எதுவும் இல்லையென்றால் வெள்ளை.

பச்சையில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பச்சைப் பூச்சு. அது மரத்தைச் சொல்கிறது. மற்றொன்று புள்ளிக்கோட்டு எல்லையும் 'ஆர்.எஃப்.' என்ற எழுத்துகளும். அது ரிசர்வ் காடு என்ற சட்ட நிலையைச் சொல்கிறது. ரிசர்வ் எல்லைக்குள் புல்வெளி இருக்கலாம், பாறை இருக்கலாம், சதுப்பும் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு, "பழைய வரைபடத்திலேயே இங்கே காடு என்று இருக்கிறதே" என்று வாதிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். காடு என்பது அங்கே வனத்துறையின் பதிவேட்டுச் சொல். மரத்துக்கு உத்தரவாதம் அல்ல.

பச்சையின் மேல் சிறிய எழுத்தில் ஆங்கில வர்ணனைகள் இருக்கும்: அடர்ந்த கலப்புக் காடு, ஓரளவு அடர்ந்த காடு, திறந்த புதர்க்காடு, மூங்கில் மிகுந்தது என்ற ரீதியில். இந்த வர்ணனைகளை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அளந்தவர் நேரில் நின்று பார்த்து எழுதியது; பூச்சைவிட இதில் தகவல் அதிகம்.

இப்போது வெள்ளை. 1,800, 2,000 மீட்டருக்கு மேலே, அதாவது ஏறக்குறைய 6,000 அடிக் கோட்டுக்கு உள்ளே, வட்ட முதுகுகளிலும் மெல்லிய சரிவுகளிலும் வெள்ளை, நீரோடை தொடங்கும் மடிப்புகளில் மட்டும் பச்சைத் திட்டு என்ற அமைப்பு தெரிந்தால் நீங்கள் பார்ப்பது சோலையும் புல்வெளியும்தான். காற்றும் உறைபனியும் தாக்கும் முதுகில் புல், ஈரமும் மறைப்பும் உள்ள மடிப்பில் மரம். குறிஞ்சி பூக்கும் இடமும் அந்த வெள்ளைதான். 2018-ல் பூத்தபோது கூட்டம் மொய்த்த சரிவுகளைப் பழைய தாளில் தேடிப் பாருங்கள்.

ஆனால் எல்லா வெள்ளையும் புல் அல்ல. மலையின் தெற்கு விளிம்பில், பெரியகுளம் பக்கம் சரேலென்று இறங்கும் பகுதியில், வெள்ளை என்றால் பாறை முகமாக இருக்கலாம். பாறைக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். கிராமங்களை ஒட்டிய வெள்ளை தரிசாகப் போட்ட நிலமாகவோ மேய்ச்சல் வெளியாகவோ இருக்கலாம். மலைப் பயிர் நிலத்தைச் சுழற்சி முறையில் விட்டுவிட்டுச் செய்தவர்கள் இருந்தார்கள். அளந்த ஆண்டில் சும்மா கிடந்ததால் மட்டுமே சில இடங்கள் மஞ்சளுக்குத் தப்பியிருக்கலாம். உயரம், சரிவு, ஊரிலிருந்து தூரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகே புல்வெளி என்று எழுதுங்கள்.

சின்னச் சோலைகள் விஷயத்தில் ஒரு கணக்கு மனத்தில் இருக்கட்டும். ஓர் அங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஆக ஒரு சதுர மில்லிமீட்டர் கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். ஓர் ஏக்கர் சோலையை வரைபவர் தூரிகை நுனியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பல நேரம் வைத்திருக்க மாட்டார், அல்லது பக்கத்துத் திட்டோடு சேர்த்துப் பூசியிருப்பார். பழைய தாளில் இல்லாத குட்டிச் சோலை இன்று இருக்கிறது என்றால் அது புதிதாக முளைத்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நான்காம் படி: சமஉயரக் கோடுகளை நம்பும் அளவு

கோட்டு இடைவெளி எவ்வளவு என்று ஓரத்தில் அச்சிட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். மெட்ரிக் தாள்களில் வழக்கமாக 20 மீட்டர். ஓர் அங்குலத் தாள்களில் சமவெளிக்கு 50 அடி, செங்குத்தான மலைக்கு 100 அடி என்று மாறும். அடியை மீட்டராக எண்ணிக்கொண்டு மலையேறத் திட்டமிட்டால் வேடிக்கையாகத்தான் முடியும். 7,000 அடி என்பது 2,134 மீட்டர்.

சரிவைக் கணக்கிட ஒரு சுருக்கு வழி: தாளில் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை மில்லிமீட்டர், தரையில் 528 அடி. அந்த இடைவெளிக்குள் 100 அடிக் கோடுகள் ஐந்து ஏறினால் சரிவு 43 பாகைக்கு மேல். கையை ஊன்றாமல் ஏற முடியாத இடம் அது. கோடுகள் மேல்நோக்கி 'ஃ' ஆய்த எழுத்தின் நுனிபோலக் குவிந்தால் பள்ளம், ஓடை. கீழ்நோக்கிக் குவிந்தால் முகடு. இது பள்ளிப் பாடம், விட்டுவிடுவோம்.

பள்ளியில் சொல்லாத விஷயம், இந்தக் கோடுகளை வரைந்த முறை. 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் அடிக்கோடு (முதல் முக்கோணத்தின் பக்கம்) அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வலைப்பின்னல்தான் அடிப்படை. அந்த வலையிலிருந்து உறுதியான சில உச்சிகளின் இடமும் உயரமும் கிடைக்கும். தாளில் அவை உள்ளே புள்ளி வைத்த முக்கோணங்கள். மிச்ச நிலத்தை பிளேன் டேபிள் எனும் முக்காலிப் பலகையோடு சர்வேயரும் அவருடைய உதவியாட்களான கலாசிகளும் நடந்து நிரப்பினார்கள். எதிரே தெரியும் உச்சிகளை நோக்கிக் கோடு போட்டுத் தன் இடத்தைக் கண்டுபிடிப்பது, கிளினோமீட்டரால் ஏற்ற இறக்கக் கோணம் எடுத்து உயரங்களைக் கணக்கிடுவது, இடைப்பட்ட கோடுகளைக் கண்ணால் பார்த்து வரைவது. ஆக முக்கோணத்தின் உயரத்தை முழுதாக நம்பலாம். புள்ளியும் எண்ணும் மட்டும் உள்ள இடங்களை ஓரளவு நம்பலாம். இடைப்பட்ட கோடுகள் ஒருவரின் கைத்திறன்.

இந்த முறைக்குப் பார்வை வேண்டும். புல்மேட்டில் நின்றவருக்குச் சுற்றுவட்டாரமே தெரியும். ஆகவே உயர்ந்த புல்வெளிகளில் கோடுகள் அருமையாக இருக்கும். அடர்ந்த சோலைக்குள்ளும், கீழ்ச்சரிவு மழைக்காடுகளிலும் பத்தடி தள்ளி எதுவும் தெரியாது. அங்கே கோடுகள் வழவழவென்று, ஒரே இடைவெளியில், கிளை ஓடைகளே இல்லாமல் ஓடினால் அது ஊகித்து வரைந்ததோ என்று சந்தேகப்படுங்கள். உண்மையான மலை அவ்வளவு ஒழுங்காக இருக்காது.

ஐந்தாம் படி: ஸ்கேன்

தாளை முதலில் அளந்துபாருங்கள். பழனிமலை அட்சத்தில் ஓர் அங்குலத் தாளின் சட்டம் உயரத்தில் ஏறக்குறைய 436 மில்லிமீட்டர், அகலத்தில் 432 இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் காகிதம் சுருங்கியிருக்கிறது. எந்தத் திசையில் எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். துணி ஒட்டி மடித்த தாளாக இருந்தால், துண்டுகளுக்கு நடுவே துணி மட்டுமே தெரியும் இடைவெளி இருக்கும். ஸ்கேன் செய்த பிறகு ஒவ்வொரு துண்டையும் தனிப்படமாகப் பிரித்து வேலை செய்வதுதான் ஒரே வழி. போன் கேமராவில் எடுத்த படம் பார்க்கலாம், அளக்க முடியாது. பெரிய ஸ்கேனர் வைத்திருக்கும் பிளான் பிரிண்ட் கடையில் 400 டிபிஐ, வண்ணம், டிஃப் கோப்பாகக் கேளுங்கள். அந்த அளவில் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் நான்கு மீட்டர். அதற்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கும். அச்சுக்கோடே பத்துப் பன்னிரண்டு மீட்டர் தடிமன்.

ஆறாம் படி: இன்றைய பூமியோடு பொருத்துவது

இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் போதும். படத்தைப் பூமியின் இடத்தோடு பொருத்தும் அதன் ஜியோரெஃபரன்சரில் ஸ்கேனைத் திறங்கள். தாளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு ஓடும். ஓரங்களையும் சேர்த்தால் பதினாறு சந்திப்புகள். பதினாறையும் அவற்றின் அட்ச தீர்க்கத்தோடு குத்துங்கள். நான்கு மூலைகள் மட்டும் போதும் என்று எங்கேயாவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள். சுருங்கிய காகிதத்தை நான்கு மூலை காட்டிக்கொடுக்காது. முதல் வரிசைப் பல்லுறுப்பு மாற்றத்தில் எச்சம், அதாவது மிஞ்சும் பிழை, ஐந்து பிக்சலுக்குள் வந்தால் நிறுத்திவிடலாம். வரவில்லை என்றால் இரண்டாம் வரிசை.

தாளில் அச்சிட்ட அட்ச தீர்க்கங்களை அப்படியே கூகுள் பூமிக்குரியவை என்று கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். இந்த எண்கள் 1830-ன் எவரெஸ்ட் கோளம் எனும் பூமி வடிவக் கணக்கையும், மத்தியப் பிரதேசத்துக் கலியான்பூரைத் தொடக்கமாகக் கொண்ட இந்திய அளவை முறையையும் (டேட்டம்) சார்ந்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. பழனிமலைப் பக்கம் இரண்டுக்கும் இடையே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 180 மீட்டரும் கிழக்கு மேற்காக 130 மீட்டரும் வித்தியாசம். மூலைவிட்டமாக இருநூறு மீட்டருக்கு மேல். ஒரு சோலையே முழுதாகத் தப்பிப்போகும் தூரம். ஆகவே புள்ளிகளைக் குத்தும்போது அளவை முறையாக இ.பி.எஸ்.ஜி. (அளவை முறைகளின் குறியீட்டுப் பட்டியல்) எண் 4146, அதாவது கலியான்பூர் 1975, என்று கொடுங்கள். வேலை முடிந்ததும் 32643-க்கு, அதாவது யுடிஎம் 43 வடக்கு மண்டலத்துக்கு, மாற்றிச் சேமியுங்கள். பரப்பளவு கணக்கிட மீட்டர் அலகு வேண்டும். ஓர் அளவை முறையிலிருந்து மற்றதற்கு மாற்றும் அளவுகளை மென்பொருள் கேட்டால் இந்தியாவுக்கான 295, 736, 257 என்ற மூன்று எண்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தைய தாள் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அப்போது ஏற்றுக்கொண்டிருந்த சென்னை வானாய்வகத்தின் தீர்க்க மதிப்பே பிழையானது. அதன்படி எல்லாத் தீர்க்கங்களிலிருந்தும் 2 நிமிடம் 27 விநாடி கழிக்க வேண்டும். பழனிமலை அட்சத்தில் இது நாலரைக் கிலோமீட்டர். ஓரத்தில் தீர்க்கரேகைத் திருத்தம் பற்றி ஒரு வரி இருந்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

பொருத்திய பிறகு சரிபார்க்கச் சாலையை எடுக்காதீர்கள், அது மாறியிருக்கும். கொடைக்கானல் ஏரிக்கரையும் சாட்சியாகாது. 1863-ல் கட்டியது முதல் கரையில் எத்தனையோ வேலைகள் நடந்திருக்கின்றன. ஓடைகள் கூடும் இடம், தனிப்பாறை உச்சி, பழைய கோயில், தேவாலயம் இவைதான் நல்ல சாட்சிகள். இவை ஐம்பது மீட்டருக்குள் பொருந்தினால் திருப்தியடையுங்கள். பிளேன் டேபிள் வேலையிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஏழாம் படி: வெள்ளையைக் கணக்கெடுப்பது

மூன்று அடுக்குகள் வேண்டும்: பழைய தாள், இடைக்காலப் படம், இன்றைய படம்.

இன்றைய படத்துக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் அல்லது கூகுள். எழுபதுகளுக்கு லேண்ட்சாட். இடைக்காலத்துக்கு என் பரிந்துரை கொரோனா. வைரஸ் அல்ல, அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள். 1960 முதல் 1972 வரை எடுத்த ஃபிலிம் படங்களை 1995-ல் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவித்தார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையான யுஎஸ்ஜிஎஸ் தளத்தில் ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம். கறுப்பு வெள்ளைதான், ஓரங்களில் வளைந்தும் இருக்கும். ஆனால் புல்லும் சோலையும் பளிச்சென்று பிரிந்து தெரியும். பழைய தாளில் வெள்ளை, கொரோனாவில் வெளிர்நிறப் புல், இன்று கரும்பச்சை என்றால் அந்தச் சரிவின் வரலாறு முடிவாகிவிடுகிறது: அது புல்வெளி, நட்டது பிறகு.

பழைய தாளின் மேல் ஒவ்வொரு வகையையும் தனிப் பலகோணமாக வரையுங்கள். புல்வெளி என்று நீங்கள் முடிவு செய்த வெள்ளை, சந்தேகமான வெள்ளை, சோலை, பயிர், சதுப்பு. 'சந்தேகம்' என்ற வகையை வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். அது இல்லாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன். பிறகு இன்றைய நிலையோடு மேற்பொருத்திப் பரப்பளவு எடுக்கலாம். நூறு மீட்டருக்குக் குறைவான எல்லை நகர்வுகளை மாற்றம் என்று எழுதாதீர்கள். அது தாளின் பிழையாகவே இருக்கலாம்.

இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் இருக்கிறது. மரம் நடும் ஆர்வத்தில் புல்வெளியைத் 'தரிசு' என்று நினைத்துக் குழி தோண்டும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்தோடு முடிந்துவிடவில்லை. எங்கே நடலாம், எங்கே நட்டதை வெட்டிப் புல்லை மீட்க வேண்டும் என்ற பேச்சு வரும்போது, மேசையில் விரிக்க இந்த அடுக்கு வேண்டும்.

எட்டாம் படி: நேரில்

பழைய தாளின் பாதைகள் ஆசை காட்டும். கொடைக்கானலிலிருந்து மேற்கே கேரள எல்லை வரை, டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே குரங்கணி வரை, புள்ளிக்கோடாக எத்தனையோ தடங்கள். தாளில் இருப்பதால் மட்டும் நடந்துவிட முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பழனிமலையின் பெரிய பகுதி ஒன்று 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். பேரிஜம் ஏரிக்குப் போகவே வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். ரேஞ்ச் அலுவலகத்தில் வரைபட அடுக்கைக் காட்டி, எந்தெந்தச் சரிவைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். புல் காய்ந்து கிடக்கும் பிப்ரவரி முதல் மழை வரும்வரை அனுமதி கேட்கவே வேண்டாம்.

பொருத்திய வரைபடத்தை எம்பிடைல்ஸ் எனும் வரைபடக் கோப்பாக மாற்றிப் போனில் ஏற்றிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் உங்கள் புள்ளி பழைய தாளின் மேல் நகரும். உயரத்தை ஒப்பிடும்போது மட்டும் கவனம். தாளின் உயரம் கடல் மட்டத்திலிருந்து எடுத்தது. சில செயலிகள் ஜிபிஎஸ்ஸின் கோள உயரத்தை (டபிள்யூஜிஎஸ் 84 கோளத்திலிருந்து அளந்ததை) அப்படியே காட்டும். தென்னிந்தியாவில் ஈர்ப்பு விசை காரணமாக இரண்டுக்கும் ஏறக்குறைய 90 மீட்டர் வித்தியாசம். போன் குறைவாகக் காட்டும். சர்வேயர் தப்பாக அளந்துவிட்டார் என்று பாவம் அவரைத் திட்டாதீர்கள். காந்த ஊசியின் விலகலோ இங்கே மிகச் சிறியது, கவலை வேண்டாம்.

வாட்டில் தோப்புக்குள் நிற்கும்போது தரையைப் பாருங்கள். ஓரங்களில், சாலை வெட்டிய மேட்டில், பாறை இடுக்கில் பழைய புல்லும் குறிஞ்சிச் செடியும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் படமெடுத்து இடக்குறிப்போடு சேமியுங்கள். வெள்ளை என்று வரைந்ததற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை, கூக்கால் ஊர்களில் மாடு மேய்த்த பெரியவர்களிடம் "இந்த மரமெல்லாம் எப்ப வந்துச்சுங்க?" என்று கேட்டால், நடவு நடந்த காலத்தைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சர்வே ஆங்கிலத்தில் சிதைந்துபோன ஓடை, பாறைப் பெயர்களையும் அப்போதே திருத்தி எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பகிர்வது பற்றி. அரசு வெளியீடுகளுக்கு இந்தியப் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். அதைக் கடந்த தாள்களின் ஸ்கேனைத் தாராளமாகப் பொதுவில் வைக்கலாம். கோப்பின் பெயரிலேயே தாள் எண், அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, பயன்படுத்திய அளவை முறை நான்கும் இருக்கட்டும். பொருத்தாத மூல ஸ்கேனையும் உடன் வையுங்கள்; உங்கள் பொருத்தம் பிடிக்காதவர் முதலிலிருந்து செய்துகொள்வார். புதிய 1:50,000 தாள்களைச் சர்வே ஆஃப் இந்தியாவின் தளத்திலிருந்தே பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ள முடியும். அவற்றின் எண் முறை வேறு, அளவையும் டபிள்யூஜிஎஸ் 84. அவற்றுக்கு இ.பி.எஸ்.ஜி. 4146 கொடுக்கக்கூடாது.